நன்றாக வெந்த சோயா

வடக்கிலிருந்து ஒரு லாரி சோயாப் புண்ணாக்கு வந்து தீவன ஆலை வாசலில் நிற்கிறது. மாதிரி எடுத்துச் சோதிக்கிறீர்கள். புரதம் நாற்பத்தெட்டு சதம். ஈரம் சரி. மணல் இல்லை. வேகாத சோயாவைக் காட்டிக்கொடுக்கும் யூரியேஸ் சோதனையிலும் குறை எதுவும் இல்லை. ஓட்டுநர் பீடியைக் காலில் நசுக்கிவிட்டு, "இறக்கலாமா சார்?" என்கிறார். என்ன சொல்வீர்கள்?

இந்த ஆண்டு ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருக்கும் உங்களில் பதினோரு பேரிடம் இதைக் கேட்டேன். ஒன்பது பேர் இறக்கச் சொல்வோம் என்றீர்கள். ஒருவர் மேலாளரைக் கேட்பேன் என்றார். ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்பது பேரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. ஓய்வு பெற்றவனுக்கு எதற்கு இந்தக் கவலை என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன செய்வது, கவலைப்படுவதற்கு ஓய்வு வயது யாரும் நிர்ணயிக்கவில்லை.

இன்று உங்களிடம் சோயாவைக் காரத்தில் கரைத்து, எவ்வளவு புரதம் கரைகிறது என்று பார்க்கும் முறை இருக்கிறது. எந்த அமினோ அமிலம் எவ்வளவு செரிக்கும் என்று அட்டவணையே போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். எண்பதுகளின் நடுவில், நாமக்கல் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையாளர் சங்கத்தின் தீவன ஆலையில் நான் வேதியியலாளனாக இருந்தபோது, புரதம் பார்க்கும் கண்ணாடிச் சாமான் ஒரு தொகுதி, இரண்டு அடுப்பு, ஒரு தராசு, இவ்வளவுதான் இருந்தன. இவற்றோடு அந்த ஆண்டு ஒரு டாக்டரம்மாவும் வந்து சேர்ந்தார். மெட்ராஸில் கால்நடை மருத்துவம் படித்தவர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பெயர் சொல்ல வேண்டாம் என்பது அவர் விருப்பம். அவரைப் பற்றியதுதான் இந்தக் கதை.

முதலில் முந்தின ஆண்டு நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். அதுவரை எங்கள் ஊர்க் கோழிகள் கடலைப் புண்ணாக்குத் தின்று வளர்ந்தவை. கடலையில் பூஞ்சை நச்சு வந்து தொல்லை கொடுத்ததால் சோயாவுக்கு மாறினோம். முதலில் வந்த சோயாவே சரியாக வேகாதது. வேகாத சோயாவில் கோழியின் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. கோழிகள் வளராமல் தேங்கிவிட்டன. வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் கூட்டம் போட்டு, "வேகாத சோயா விஷம்" என்று மேசையைத் தட்டிச் சொல்லிவிட்டு அடுத்த பேருந்தில் போய்விட்டார்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் அது பாதி உண்மை. எங்கள் பண்ணையாளர்கள் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டார்கள். சங்கத்தின் பொதுக்குழு கூடி, சோயா அனுப்பும் வடக்கத்தி ஆலைக்கு, இன்னும் நன்றாக வேகவைத்து அனுப்பும்படி சொல்லிவிட்டது. வாடிக்கையாளர் கேட்டால் ஆலைக்காரனுக்கு என்ன, கூடக் கொஞ்சம் நெருப்பு. அடுத்த சரக்கு வந்து இறங்கியபோது பழுப்பாக இருந்தது, வறுத்த வாசனை அடித்தது. தலைமுறையாகக் கடலைப் புண்ணாக்கை முகர்ந்து பார்த்து வாங்கிய மூக்குகள் அல்லவா! ஒருவர் பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோய், "காப்பித்தூளாட்ட இருக்குதுங்க. இதுல்ல சோயா!" என்றார். எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் சோதனைகளும் அதையே சொல்லின.

மூன்று வாரத்தில் புகார் வர ஆரம்பித்தது. கறிக்கோழிக் குஞ்சுகள் வளரவில்லை. நோய் இல்லை, சாவு இல்லை. ஓடியாடித் திரிகின்றன, தீவனத்தையும் காலி செய்கின்றன, உடம்பு மட்டும் ஏறவில்லை. ஒரே நாள் பொரித்த குஞ்சுகளில் ஒன்று புறா அளவு, ஒன்று குருவி அளவு.

"டாக்டரம்மா, சாகவும் மாட்டேங்குது, வளரவும் மாட்டேங்குது. பேசாம காடைன்னு சொல்லி வித்துப்போடலாமுங்களா?" என்று ஒருவர் கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

பண்ணையாளர்களுக்குச் சந்தேகமே இல்லை. மறுபடியும் வேகாத சோயாதான் என்றார்கள். போன வருடம் பட்டவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? டாக்டரம்மா நான்கு குஞ்சுகளை அறுத்துப் பார்த்தார். வேகாத சோயா தின்ற குஞ்சுக்குக் கணையம் வீங்கிப் பெருத்திருக்கும். இந்த நான்கிலும் கணையம் சாதாரணமாக இருந்தது. "இது அது இல்ல சார்" என்றார் என்னிடம். பிறகு எது என்று கேட்டேன். "தெரியல" என்றார். நான் நாற்பது ஆண்டு இந்தத் தொழிலில் இருந்தேன். கூட்டம் சுற்றி நிற்கும்போது "தெரியல" என்று சொன்ன நிபுணர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

விடை ஒரு கூடையில் வந்தது. மல்லசமுத்திரத்துக்கு அப்பால் ஒரு மேட்டு நிலத்தில் பண்ணை வைத்திருந்த முத்தாயி என்ற பெண்மணி, பஸ்ஸில் கூடையோடு வந்து இறங்கினார். அவர் கணவர் போர்வெல் ரிக் லாரியோடு வடமாநிலத்துக்குப் போயிருந்தார். திரும்ப மாதங்கள் ஆகும். கோழி வளர்ப்பு முத்தாயியின் முடிவு. "பொம்பள தனியா என்னத்தக் கிழிப்பா" என்று பங்காளிகள் பேசியதை மீறி ஆரம்பித்தது. இரண்டு செட்டு, அதாவது கொட்டகை, செட்டுக்கு ஐந்நூறு குஞ்சு, வாழ்க்கையில் முதல் தொகுதி. அது தேங்கிப்போனால் கணவர் திரும்பி வரும்போது செட்டு ஆட்டுப்பட்டியாகத்தான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

கூடையில் எட்டுக் குஞ்சுகள். நான்கின் காலில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

"செகப்பு கட்டுனது மேக்கால செட்டுக் குஞ்சுங்க. இந்தச் செட்டுக்கு மட்டும் வறுத்துப் போட்டனுங்க" என்றார் முத்தாயி.

"என்னத்த வறுத்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

"தீவனத்தைத்தானுங்க. சோயா வேகலைன்னு எல்லாருஞ் சொன்னாங்கல்லோ. கரும்பாலைக்காரர்கிட்ட வெல்லங் காய்ச்சுற கொப்பரையக் கேட்டு வாங்கியாந்து, அடுப்புல ஏத்தி நல்லா வறுத்து, ஆற வெச்சுப் போட்டனுங்க. ரெண்டு செட்டுக்கும் போடலாம்னு பாத்தா, கொப்பரைய அவரு திருப்பிக் கேட்டுப்போட்டாருங்க."

நான் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "சார், எடை போடுங்க" என்றார். சிவப்புத் துணி கட்டிய நான்கையும் கட்டாத நான்கையும் தனித்தனியாக நிறுத்தேன். நம்பாமல் மறுபடியும் நிறுத்தேன். ஒரே நாள் பொரித்தவை, ஒரே மூட்டைத் தீவனம் தின்றவை. வறுத்ததைத் தின்ற நான்கும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சிறியவை.

டாக்டரம்மா சிவப்புத் துணிக் குஞ்சு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "வேகாம இல்ல சார். ஏற்கெனவே அளவுக்கு மீறி வெந்து வந்திருக்கு. இவங்க இன்னும் ஒரு தடவ வேக வெச்சிருக்காங்க. அதான் இது இன்னும் சின்னது."

"அதெப்படிம்மா? புரதம் நாற்பத்தெட்டு இருக்கே!"

"உங்க சோதனை நைட்ரஜனை எண்ணுது சார். செருப்புத் தோலை அரைச்சுப் போட்டாலும் அது புரதம்னுதான் சொல்லும். கோழி செருப்பைத் தின்னு வளருமா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரி. சோயாவை அளவு மீறிச் சூடாக்கினால் அதிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பகுதி கெட்டே போகிறது. மிச்சத்திலும் ஒரு பங்கைக் குஞ்சின் குடல் பிரிக்க முடியாமல் எச்சத்தோடு வெளியே தள்ளிவிடுகிறது. புண்ணாக்கில் இருப்பது வேறு, குஞ்சின் உடம்பில் சேர்வது வேறு. யூரியேஸ் சோதனைக்கோ வேகாததைத்தான் பிடிக்கத் தெரியும். வெந்து தீய்ந்தது அதன் கண்ணுக்கு நல்லதாகவே தெரியும்.

முத்தாயியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ நானே என் குஞ்சுகளக் கெடுத்துப்போட்டனுங்களா?"

"நீங்க வறுக்காம இருந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காதுங்க" என்றார் டாக்டரம்மா. "அதுவும் ஒரு செட்டுக்கு மட்டும் வறுத்தீங்க பாருங்க, அதைவிட நல்ல சோதனையை நான் காலேஜ்ல கூடப் பார்த்ததில்ல."

"அந்தப் புண்ணியம் கொப்பரைக்காரருக்குங்க" என்றார் முத்தாயி. கண்ணில் நீரோடுதான் சொன்னார்.

காரணம் தெரிந்துவிட்டது, இனி என்ன செய்வது? நல்ல சோயா வருவதற்கு ஆலைக்குச் சொல்லி, லாரி பிடித்து, எப்படியும் இரண்டு வாரம். குறைந்த லைசினைப் பொடியாகத் தீவனத்தில் கலக்கலாம். இன்று மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் அந்த வெள்ளைப் பொடி அன்று கப்பலில் வர வேண்டும், அனுமதிக்கு அலைய வேண்டும். எங்கள் கிடங்கில் நான்கு டிரம் இருந்தது. சங்கத்தில் முப்பத்தேழு பண்ணை. எல்லோருக்கும் கொடுத்தால் தீவனத்துக்குத் திருநீறு பூசிய மாதிரிதான், யாருக்கும் பயன்படாது.

மறுநாள் பிற்பகல் ஆலை முற்றத்தில் கூட்டம். வந்தவர்கள் அறுபத்திரண்டு பேர். டாக்டரம்மா பழுப்பு சோயாவின் கதையைச் சொன்னார். பிறகு, நான்கு டிரம் பொடியும் நான்கு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுகளுக்கு மட்டும் என்றார். அப்படிப்பட்ட பண்ணைகள் பதினாறு. வயது கூடிய கோழிகளுக்குக் கிடங்கில் இருக்கும், லைசின் உள்ள கருவாட்டுத்தூளை, உப்பு அளவு பார்த்து, முடிந்தவரை கூட்டித் தருவதாகச் சொன்னார்.

சங்கத் தலைவர் எழுந்தார். எடப்பாடிப் பக்கம் தறிக்கூடம் வைத்திருந்தவர், சங்கத்திலேயே பெரிய பண்ணையும் அவருடையதுதான். டாக்டரம்மாவை வேலைக்கு எடுத்தவரும் அவரே. அவருடைய கோழிகளுக்கு ஆறு வாரம். இன்னும் பத்து நாளில் பெங்களூர் வியாபாரி வண்டியோடு வருவதாக ஏற்பாடு.

"ஏனுங்க அம்மிணி, நாலு டிரம்ம வெச்சுக்கிட்டு ரேசன் கடை நடத்துறீங்களா? எங்கோழி என்ன பாவம் பண்ணுச்சு?"

"பாவம் ஒண்ணும் இல்லீங்க. வயசாயிடுச்சு."

கூட்டம் சிரித்தது. தலைவருக்குக் கோபம் வந்துவிட்டது. "சிரிக்காதீங்கப்பா. ஒரே ஒரு கேள்வி. அந்தப் பொடியப் போட்டா எங்கோழி எடை ஏறுமா ஏறாதா? அதச் சொல்லுங்க மொதல்ல."

நான் டாக்டரம்மாவின் பக்கத்தில்தான் நின்றேன். "ஏறாதுன்னு சொல்லிடுங்கம்மா. அதோட முடிஞ்சுது" என்று காதோரம் சொன்னேன். என் கணக்கு எளிமையானது. அவர் சொன்னால் தலைவர் நம்புவார், கூட்டம் கலையும், பொடி குஞ்சுகளுக்குப் போகும். சரிபார்க்க ஒருவராலும் முடியாது. அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பீர்கள். அந்த ஒன்பது பேரும், செல்போன்காரரும் சேர்த்து.

டாக்டரம்மா சொன்னார்: "ஏறும்."

பின்னால் நின்றவர்கள் முன்னால் நெருங்கி வந்தார்கள்.

"கொஞ்சம் ஏறும். இல்லைன்னு சொன்னா அது பொய். ஆனா அதே பொடி சின்னக் குஞ்சுக்குப் போனா அதைவிடப் பல மடங்கு வேலை செய்யும். உங்க கோழி கொஞ்சம் எடை குறைஞ்சு விக்கும், அவ்வளவுதான். இந்தக் குஞ்சுங்க இப்பத் தேங்குனா தேங்குனதுதான். அதனால உங்களுக்குத் தரமாட்டேன்."

"தரமாட்டேன்?"

"தரமாட்டேங்க."

"உங்களுக்கு இந்த வேலையக் குடுத்தது யாருன்னு நெனவிருக்குதுங்களா?"

"நல்லா இருக்குங்க. கோழிக்கு எது நல்லதுன்னு பாக்கத்தான் குடுத்தீங்க."

தலைவர் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டார். டாக்டரம்மாவுக்கு வேலை இந்த வாரத்தோடு சரி என்று ஆலையில் எல்லோரும் பேசிக்கொண்டோம். அவரிடமே நான் கேட்டேன்: "ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா இந்த வம்பே இல்லையே அம்மா?"

"போன வருஷம் ஒருத்தர் வந்து பாதி சொல்லிட்டுப் போனாரு. அதோட பலனைத்தான் இப்ப எடை போட்டுக்கிட்டு இருக்கோம். நானும் பாதி சொல்லவா?" என்றார்.

பொடி பதினாறு பண்ணைக்குப் போயிற்று. நானே ஒவ்வொன்றுக்கும் நிறுத்துக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் முத்தாயியின் செட்டுக்குப் போய்க் குஞ்சுகளை எடை போட்டோம். கிழக்குச் செட்டு நன்றாகத் தேறியிருந்தது. வறுத்துப் போட்ட மேற்குச் செட்டு முழுதும் தேறவில்லை, ஆனால் இறகு மினுமினுப்பு வந்து, ஏற ஆரம்பித்திருந்தது. "வித்துப்போடலாமுங்க, காடைன்னு சொல்லாமயே" என்றார் முத்தாயி. அந்தக் கேலி அதற்குள் எல்லாப் பண்ணைக்கும் பரவியிருந்தது. தலைவரின் கோழிகள் பெங்களூருக்கு எடை குறைந்துதான் போயின. டாக்டரம்மாவை வேலையை விட்டு அனுப்பும் பேச்சு எழவில்லை. தலைவர் ஆலைப் பக்கமும் வரவில்லை.

எங்கள் மேலாளரே வடக்கே போய், வெப்பத்தைக் குறைக்கச் சொல்லி, கூடவே நின்று, புதுச் சரக்கை அனுப்பிவைத்தார். லாரி வந்த அன்று இருபதுக்கும் மேற்பட்ட பண்ணையாளர்கள் காத்திருந்தார்கள். தார்ப்பாயை விலக்கியதும் ஒரு முனகல். சோயா வெளிர் மஞ்சளாக இருந்தது. முகர்ந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

"பச்ச வாசம் அடிக்குதுங்க."

"இது வேகவேயில்ல. போன வருசச் சரக்கேதான். இறக்காதீங்கப்பா!"

நான் யூரியேஸ் சோதனை செய்து, நன்றாக வெந்திருக்கிறது என்று வந்து சொன்னேன். "உங்க சோதனைதானே அந்தக் காப்பித்தூளையும் நல்லதுன்னு சொல்லுச்சு?" என்று ஒருவர் கேட்டார். வேகாததை மட்டும் பிடிக்கும் சோதனை இது, எனவே இந்த முறை இதை நம்பலாம் என்று டாக்டரம்மா விளக்கினார். கேட்டுக்கொண்டார்கள், ஆனால் யாரும் நகரவில்லை. சுமையாட்கள் லாரி மேல் உட்கார்ந்துவிட்டார்கள். பதினாறு பண்ணையிலும் பொடி தீரும் நிலை. இந்தச் சோயா இறங்காவிட்டால் மறுபடியும் அந்தப் பழுப்பைத்தான் போட வேண்டும், தேறிய குஞ்செல்லாம் மீண்டும் தேங்கும். இவ்வளவும் தெரிந்தும் டாக்டரம்மாவால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சொல்வதைச் சொல்லியாயிற்று, மற்றது கேட்பவர் கையில்.

தலைவரின் கார் உள்ளே வந்தது. இறங்கி நேராக லாரிக்குப் போனார். ஒரு பிடி அள்ளினார். முகர்ந்தார். அவர் முகமும் சுளித்தது.

"வெந்திருக்குதுங்களா?" என்று டாக்டரம்மாவைக் கேட்டார்.

"வெந்திருக்குங்க."

தலைவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு இந்தம்மா எங்கிட்ட ஏறாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானு நம்பியிருப்பேன். இந்தம்மா வேலைக்கும் ஆபத்தில்ல. ஏறும், ஆனா உனக்குத் தரமாட்டேன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லுச்சு. பத்து நாளு எனக்குத் தூக்கமில்ல, அத்தன ஆத்திரம். ஆனா எனக்கே பொய் சொல்லாத ஆளு, இந்தச் சோயாவுக்காகவா பொய் சொல்லப்போவுது?"

யாரோ ஒருவர், "மூக்குக்குப் பச்ச வாசந்தானுங்க அடிக்குது" என்றார்.

"எனக்குந்தான் அடிக்குது" என்றார் தலைவர். "மூக்கு சொல்றதக் கேட்டுத்தானே காப்பித்தூளு வாங்குனோம்." பிறகு லாரி மேல் உட்கார்ந்திருந்தவர்களை அண்ணாந்து பார்த்தார். "நேத்து ரெண்டாயிரம் குஞ்சு எறக்கியிருக்கேன். இதுல அரைக்கிற மொத தீவனம் என் பண்ணைக்கு. கெட்டா என்னுது கெடட்டும். எந்திரிங்கடா, இறக்குங்க."

முதல் மூட்டை தோளேறியது.